மாட்டுக்கு வைத்த தண்ணீர்

மேனுகா கடைசியாகச் செய்த வீட்டு வேலை ஒரு மாட்டுக்குத் தண்ணீர் வைத்தது. உண்மையான மாடு அல்ல, கம்ப்யூட்டருக்குள் நின்ற மாடு. மார்கழி மழை கொஞ்சம் விட்டிருந்த பின்னேரம், முன்னறை மூலையில் ஒரு காலை மடித்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, கிணற்றடியிலிருந்து வாளியைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். கத்திக்கொண்டிருந்த மாடு வாயை மூடியது. அவளுடைய புருஷன் உதயரூபன் சந்திப் பேக்கரியில் பாண் வாங்கப் புறப்பட்டான். தானும் வருவதாக எழும்பினாள். அவன் கம்ப்யூட்டரை நிறுத்தக் கைவைத்ததைக் கண்டு தடுத்தாள்.

"நிப்பாட்டாதங்க. வந்து அவளப் படுக்க வெச்சித்து நானே நிப்பாட்டுறன்."

'அவள்' என்றது திரையில் வாளியோடு நின்ற தொப்பிக்காரப் பெண்ணை. ஒரு துண்டு வயல், ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மாடு. விதைத்து, அறுத்து, மாடு பார்த்து நாளைக் கழிக்கவேண்டும். வயற்காணியை வட்டை என்று சொல்லும் ஊர் என்பதால் அந்த வீட்டில் அதற்கு வட்டை விளையாட்டு என்றே பெயர். மாட்டுக்குப் பெயர் வைக்கும் இடத்தில் மேனுகா தன் தம்பியின் பெயரை அடித்திருந்தாள். நிலோஜன் அதைக் கண்டுபிடித்த அன்று சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான். இரண்டு நாள் வீடு முழுக்கச் சிரிப்பு.

கல்முனை றோட்டில் மழைக்காலத்தில் மாடுகள் ஏறிப் படுத்துவிடும். சுற்றிவரச் சேறாகக் கிடக்க, முதலில் காய்வது தார்தான். மதகடியில் படுத்திருந்த ஒன்று அவர்களுடைய பைக் வெளிச்சம் பட்டதும் எழும்பிக் குறுக்கே நின்றது. உதயரூபனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. மேனுகாவின் தலை மதகுக் கல்லில் பட்டது. அவன் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவளுடையது வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சந்திக்குத்தானே என்று அவள் எடுக்கவில்லை. அவனும் எடுக்கச் சொல்லவில்லை.

செத்தவீட்டில் எல்லாரும் மனதுக்குள் கேட்டதை நிலோஜன் வாய்விட்டுக் கேட்டான்.

"உங்கட மண்டைக்கு மட்டும் மூடி இருந்திரிக்கி, என்ன?"

அதற்குப் பிறகு அவன் உதயரூபனை ஒருநாளும் அத்தான் என்று கூப்பிடவில்லை. இந்தாள், அந்தாள் என்றுதான் பேச்சு. மாமியார் புஸ்பத்திடம் அதுகூட இல்லை. அவனுக்கு ஏதும் சொல்லவேண்டியிருந்தால் கடைக்குட்டி விதுர்ஷாவைப் பார்த்துச் சொல்வாள். விதுர்ஷா இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

பிரேதத்தை முன்னறையில் வைக்க இடம் எடுத்தபோது மேசையை இழுத்ததும் நிலோஜன்தான். வயரை அப்படியே பிடுங்கினான். தொப்பிக்காரியைப் படுக்க வைத்தால்தான் அந்த விளையாட்டு அன்றைய நாளைப் பதிந்துகொள்ளும். மேனுகா வந்து படுக்க வைக்கவில்லை. ஆகவே அவள் அன்று செய்ததெல்லாம் போய்விட்டது, மாட்டுக்கு வைத்த தண்ணீர் உட்பட.

முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் இது உதயரூபனுக்குத் தெரியாது. கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவன் செய்த ஒரே காரியம், செங்கலடியில் தான் வேலை செய்த கொமியூனிகேஷன் கடைக்குப் போய் அவளுடைய படத்தை இடது கையால் பெரிதாக்கி எடுத்துவந்தது. படத்தைச் சாமியறைப் பக்கச் சுவரோடு வைக்கவேண்டும் என்று புஸ்பம் நினைத்திருந்தாள். அவன் விடவில்லை. கம்ப்யூட்டர் மேசையில், திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். அது அவள் இருந்த இடம் என்றான். ஆகவே விளக்கும் அங்கே வந்தது, சாம்பிராணிச் சட்டியும் அங்கே வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று சிரட்டைத் தணலை அறையெல்லாம் இறைத்ததால், புஸ்பம் சட்டியை மேசைக்குக் கீழே, கம்ப்யூட்டர்ப் பெட்டியோடு அணைத்து வைத்தாள். வாவியை அந்த ஊரில் ஆறு என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் நாலு தென்னையும் ஒரு தோணியும்தான்.

முப்பத்தொன்று முடிந்த அடுத்த நாள் அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். கடையில் பழசென்று ஒதுக்கியதைக் கல்யாணத்துக்கு மறுமாதம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. இரைந்து, யோசித்து, கடைசியில் வட்டை திறந்தது. மூன்றாம் வருஷம், மாரி, பதினாலாம் நாள், காலை. தொப்பிக்காரி வாசலில் நின்றாள். தொட்டி காய்ந்து கிடந்தது. மாடு கத்தியது.

குசினிக்குள் சட்டி ஒன்று விழுந்தது.

"அந்த மாட்ட வாயப் பொத்தச் சொல்லுகா" என்றாள் புஸ்பம் மகளிடம். "ஒரு மாடு செஞ்சது காணாதா இந்த வீட்டுக்கு?"

அவன் சத்தத்தைக் குறைத்துவிட்டு வாளியை எடுக்கப் போனான். பதினொரு நிமிஷம் போனது. பெட்டி ஆட்டோ மேடேறுவதுபோல் இரைந்தது, திரை கறுத்தது, எல்லாம் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. திறந்து பார்த்தான். பதினாலாம் நாள், காலை, காய்ந்த தொட்டி.

அந்த ஒரு நாளை முடிக்க இருபது நிமிஷம் வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் வைத்து, பொழுதுபட்டதும் அவளைப் படுக்க வைத்துவிட்டால் அன்று விட்டுப்போனது முடிந்துவிடும். அதன் பிறகு தான் அந்த வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று அவன் நினைத்தான்.

போகத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டி வருகிறவன் மனைவியின் வீட்டில் இருப்பான். மனைவி பிள்ளையில்லாமல் போனால் வீடு தங்கைக்கு, வந்தவன் தாய்வீட்டுக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, உதயரூபனுக்கும் இல்லை. தோள் ஆறும்வரை இருக்கட்டும் என்று புஸ்பத்தின் குடிக்காரர், அதாவது தாய்வழிச் சொந்தக்காரர், சொன்னார்கள். தோள் மாசியில் ஆறியது. பிறகு வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கு முடியட்டும் என்றார்கள். விதுர்ஷாவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. ஆவணிக்கு முன்னம் வீட்டுக்கு வெள்ளையடிக்கவேண்டும்.

கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு இதே வேலை. மேல் கழுவிவிட்டு, விதுர்ஷா மூடிவைத்த பாணையும் கூனி இறால் சுண்டலையும் தின்றுவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து உட்காருவான். விளையாட்டை அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தான், வட்டையை மட்டும் வேறாகப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு. அதைக் கடைக் கம்ப்யூட்டரில் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை, அவள் இருந்த மேசையில்தான் முடிக்கவேண்டும். 'ரேம்' என்கிற நினைவுக் குச்சியைப் பிடுங்கிப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துச் செருகினான். வைரஸ் தேடினான். வேறு வயர் மாற்றினான். திறந்த பக்கத்துக்கு நேரே மேசை ஃபேனை வைத்தான். அன்று பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. அடுத்த நாள் ஒன்பதில் நின்றது. கச்சான் என்ற சூட்டுக் காற்றுத் தொடங்கிய பிறகு ஏழு.

ஊர் பேசாமல் இருக்குமா? பெண்சாதி செத்து நாலு மாதம் ஆகவில்லை, மாமியார் வீட்டில் இருந்துகொண்டு அவன் விளையாடுகிறான் என்று கிணற்றடியில் கதை. புஸ்பம் முற்றத்தில் பாய் விரித்துக் கூனி இறால் காயப்போடுவாள். பாசியும் குட்டி நண்டும் பொறுக்கி எறிந்தபடி, கடந்து போகிறவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொல்வாள். "என்ட புள்ளய ஏத்தித்துப் போய் வழியில போட்டுத்து வந்தாரு. இப்ப உள்ளுக்க மாடு மேய்க்கிறாரு."

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. அதன் காரணம் அவனுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. முப்பத்தொன்று முடிந்தும் புஸ்பம் சாம்பிராணியை விடவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அவன் வந்து பெட்டியைப் போடும்வரை காத்திருப்பாள். அது இரைய ஆரம்பித்த பிறகுதான் தணல் எடுத்துக்கொண்டு வருவாள். அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து சட்டியை வைத்து, கைநிறையத் தூளைத் தூவி, அங்கேயே நின்று புகையையே பார்ப்பாள். அவனை நெருப்புக் காட்டி எழுப்பத்தான் அந்த நேரத்தில் வருகிறாள் என்று அவன் நினைத்தான். கண்ணெரிந்தாலும் எழும்பாமல் இருந்தான். இரண்டு பேருக்கும் இடையில் அது தினப்படிச் சண்டையாக, ஒரு சொல் இல்லாமல் நடந்தது.

குளிர்த்திக்கு நாலு நாள் இருக்க, பொறுமை கெட்டுப்போய் அவன்தான் வாயைத் திறந்தான். நிலோஜன் ஆற்றால் வந்து வலையை வேலியில் போட்டுக்கொண்டிருந்தான். அன்று வயரைப் பிடுங்கியதால்தான் பெட்டி பழுதாகியது என்றும், நிறுத்தத் தெரியாவிட்டால் தன்னிடம் கேட்டிருக்கலாம் என்றும் உதயரூபன் சொன்னான். நிலோஜன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கேட்டிருக்கலாம். நீங்க அப்ப கட்டிலில கிடந்தீங்க. எங்கட அக்கா வாகனத்தில கிடந்தா. ஆரிட்ட கேக்கிற, மாட்டிட்டயா?"

"அவள் செஞ்ச கடைசி வேலை அதுக்குள்ள இருந்த, நிலோ."

"அவள் செஞ்ச கடைசி வேலை உங்களோட பைக்கில ஏறினது."

வேலியில் நின்ற கொக்கு ஒன்று எழும்பிப் போனது. நிலோஜன் ஒரு மீன் முள்ளை வலைக்கண்ணிலிருந்து நிதானமாக எடுத்தான். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய்த் திருத்தப்போவதாக உதயரூபன் சொன்னபோது, தாராளமாகக் கொண்டுபோகலாம் என்றான். "பெட்டி படலையால போனா நீங்களும் அதோட போனதுதான். திரும்பி வாற வேலை வெச்சிக்க வேணாம்."

ஆகவே திருத்துகிறவனை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியதாயிற்று. ஏறாவூர் ஹில்மி, உதயரூபனின் கடைக்கு இரண்டு கடை தள்ளிக் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். வாயும் கையும் ஒன்றாக ஓடுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயிலில் பைக்கை உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தான். புஸ்பம் முற்றத்துப் பாயிலிருந்து எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. விதுர்ஷாதான் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்தாள்.

ஹில்மி பெட்டியைக் கண்டதும் சலாம் சொன்னான். இதன் வாப்பாவைத் தனக்குத் தெரியும், அது மௌத்தாகிப் புதைத்து வெகுகாலம் என்றான். விதுர்ஷாவுக்குச் சிரிப்பு வந்து, குசினிப் பக்கம் பார்த்து அடக்கிக்கொண்டாள். ஹில்மி பெட்டியை ஓடவிட்டு, கையைப் பின்பக்கம் வைத்துப் பார்த்தான். உடனே நிறுத்தினான். எவ்வளவு நேரத்தில் நிற்கிறது, எந்த நேரத்தில் போடுவது, எப்போதிருந்து என்று கேட்டான். பிறகு உள்ளே குனிந்து, சின்ன ஃபேனையும் அதன் கீழிருந்த அலுமினியக் கட்டியையும் கழற்றி எடுத்தான். கட்டி வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு நின்றது. இழுத்தபோது பலாப்பழம் பிளப்பதுபோல் நூல்விட்டு வந்தது.

தகடுகளுக்கு இடையில் காற்றுப் போகிற ஒரு சந்துகூட மிச்சமில்லை. தார்போலக் கறுப்பாக அடைத்திருந்தது. ஹில்மி விரலால் தொட்டு முகர்ந்தான்.

"என்ன மச்சான் இது, கம்ப்யூட்டரா அடுப்பா? சாம்பிராணி மணக்குது. எங்கட உம்மாவும் வெள்ளிக்கிழமை போடுவா. ஆனா இப்பிடிக் குடிக்கக் குடுக்கமாட்டா."

ஹில்மி தன் பாட்டில் விளக்கினான். வயர் பிடுங்கினதாலும் இல்லை, ஒன்றாலும் இல்லை. ஃபேன் சுற்றும்போது முன்னால் உள்ள காற்றை உள்ளே இழுக்கும். முன்னால் புகை இருந்தால் புகையை இழுக்கும். பழைய தூசியும் சட்டிச் சாம்பலும் முதலே அரைவாசி அடைத்த இடத்தில் பிசினும் போய்ப் படிந்து, சூடு வெளியே போக வழியில்லாமல் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. பாவம், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நிற்கிறது. ஆர் இந்த மேசைக்குக் கீழே சட்டி வைத்தது என்று கேட்டான்.

சட்டியை வைத்தது புஸ்பம். மேசையில் படத்தை வைத்தது உதயரூபன். வேலியடியில் நிலோஜனோடு பேசிய ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு ஞாபகம் வந்தது.

புஸ்பம் குசினி வாசலில் நின்றாள். கையில் இறால் செதிள் ஒட்டியிருந்தது.

"இஞ்ச பாருங்க தம்பி" என்று ஹில்மியைக் கூப்பிட்டாள். "புகை மேல போகாம வளைஞ்சு அவள்ட இடத்துக்குள்ள போற. நான் என்ட கண்ணால பாத்த. நாளாந்தம் பாத்த. அது ஃபேனாலயா?"

ஹில்மிக்கு என்ன தெரியும். "ஓம் அம்மா. ஃபேன்தான் இழுக்கிற."

"பெட்டி ஓடாத நேரம் போகாதா?"

"ஓடாட்டி எப்பிடிம்மா போகும்? சும்மா மேலதான் போகும்."

அப்போதுதான் உதயரூபனுக்கு விளங்கியது, அவள் ஏன் அவன் பெட்டியைப் போடும்வரை காத்திருந்தாள் என்று. மகள் வந்து எடுத்துக்கொள்கிறாள் என்று அந்த மனுசி நாலு மாதம் நினைத்திருக்கிறாள். அதனால்தான் நாளுக்கு நாள் தூளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். விதுர்ஷாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கவேண்டும். அவள் பிளேன்ரீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புஸ்பம் அழவில்லை. வாசல் நிலையில் கைச் செதிளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். வெளியே கச்சான் பாயின் ஓரத்தைத் தூக்கிக் கூனியை மண்ணில் கொட்டியது. ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

ஹில்மி மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் தகடு தகடாகத் துடைத்தான். வெள்ளைப் பசை பூசிக் கட்டியைத் திரும்ப வைத்து முறுக்கினான். இனி விடியப் பாங்கு சொல்லும்வரைக்கும் ஓடும் என்றான். வீட்டில் என்னவோ சரியில்லை என்பது அவனுக்கும் பிடிபட்டுவிட்டது. கோப்பையை ஒரே மிடறில் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிப் போனான்.

உதயரூபன் பெட்டியைப் போட்டான். இரைச்சல் அடங்கி, பூனை உறுமுவதுபோல் ஓடியது. வட்டை திறந்தது. மாடு கத்தியது. இந்த முறை வாயைப் பொத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. ஏழு நிமிஷம் கடந்தது, பதினொன்று கடந்தது. அவன் தொப்பிக்காரியைக் கிணற்றடிக்கு நடத்தினான். வாளி நிறைந்தது. தொட்டியில் ஊற்றினான். மாடு வாயை மூடியது.

முதுகுக்குப் பின்னால் இறால் மணம் வந்தது. புஸ்பம் கதிரைக்குப் பின்னால் நின்றாள். ஐந்து மாதத்தில் அவள் அந்தத் திரையைப் பார்த்தது அன்றுதான்.

"இது ஆருகா?"

"அக்காதாம்மா" என்றாள் விதுர்ஷா. "இந்த விளாட்டில அக்கா இதுதான். தொப்பியும் அவதான் எடுத்த."

மாட்டின் தலைக்கு மேல் எழுதியிருந்ததைப் புஸ்பம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். நிலோஜன். அவள் வாய் ஒரு பக்கம் கோணியது. அது சிரிப்பாக வரவில்லை.

திரையில் பொழுதுபட்டது. உதயரூபன் தொப்பிக்காரியை வீட்டுப் பக்கம் திருப்பினான். இன்னும் பத்து அடி. கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு பொத்தானை அமத்தினால் அந்த நாள் முடிந்துவிடும்.

"எங்க கூட்டித்துப் போறாரு?"

விதுர்ஷா சொன்னாள். படுத்தால்தான் இது பதியும், அடுத்த நாள் விடியும் என்று.

"அப்ப அவள் விட்டுத்துப் போன இடம்?"

விதுர்ஷா அத்தானைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டியதும் தாயிடம் சொன்னாள். "அது இரிக்காதும்மா. அதுக்கு மேலதான் இது பதியும்."

புஸ்பம் அவனுக்குப் பக்கத்தில் வந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு முதற்தடவையாக அவனுடைய முகத்துக்கு நேரே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒருக்கா அவள முடிச்சு வெச்சீங்க. அது காணும்."

அவனுடைய விரல் பொத்தானில்தான் இருந்தது. தொப்பிக்காரி வீட்டு வாசலில் நின்றாள். தோள் எலும்பு பொருந்திய இடத்தில் வலி எழும்பிக் கழுத்துவரை வந்தது. நாலு மாதம் இந்தப் பத்து அடிக்காகத்தான் கண்ணெரிய உட்கார்ந்திருந்தான். கையை எடுத்தான். விளையாட்டை மூடப்போனான், பதியாமல் மூடவா என்று அது கேட்டது. ஓம் என்று அமத்தினான். வேறாக எடுத்துவைத்த பிரதியும் அதே காலைதான். அதை அப்படியே விட்டான்.

குளிர்த்தி முடியும்வரை அவன் நிற்கவில்லை. அடுத்த நாள் காலையில் உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டான். ஆற்றால் வந்த நிலோஜன் கையில் நண்டுக் கூடையோடு முன்னறையை எட்டிப் பார்த்தான். பெட்டி மேசையோடு இருந்தது.

"அதக் கொண்டு போகல்லியா?"

"இருக்கட்டும். வீட்டோட உள்ளது."

வயரைப் பற்றிச் சொன்னது பிழை என்று சொல்ல உதயரூபன் வாயெடுத்தான். நிலோஜன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் போய் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து, தூசைக்கூடத் தட்டாமல் பையின் மேல் வைத்தான்.

"இதையும் எடுத்துத்துப் போங்க."

அதை மடியில் வைத்துக்கொண்டு அவன் செங்கலடிக்குப் போனான். பஸ் மதகடியைத் தாண்டும்போது கண்ணை மூடவில்லை. அங்கே மூன்று மாடுகள் நின்றன.

ஆவணியில் விதுர்ஷாவுக்குக் கல்யாணம் நடந்தது. அவனுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். மேனுகாவின் படம் சாமியறைப் பக்கச் சுவருக்குப் போனது. சாம்பிராணிச் சட்டி முற்றத்துக்குப் போனது. புகை காற்று கொண்டுபோகிற பக்கம் போகிறது. புஸ்பம் அதை நின்று பார்ப்பதில்லை என்று விதுர்ஷா ஒருமுறை போனில் எழுதியிருந்தாள். யாருக்கும் தெரியாமல் மாதத்தில் ஒருநாள் எழுதுவாள். கடைசியாக எழுதியது இது: பெட்டி இன்னும் ஓடுகிறது. போட்டுப் பார்ப்போம், கொஞ்ச நேரம் நடக்கவிடுவோம், படுக்க வைப்பதில்லை. திறக்கும்போதெல்லாம் மூன்றாம் வருஷம், மாரி, பதினாலாம் நாள் காலை. மாடு கத்துகிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை.